வண்டிக்குக் கண்டம்

ஆவடி
12-4-1992, ஞாயிறு

ராணி அப்பாவுக்கு,

குருத்தோலை ஆராதனை முடிந்து வந்து, சமையலையும் முடித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் இருவரும் சுகம். போன வாரம் போனில் கார் விஷயம் கேட்டபோது "பார்க்கலாம்" என்று மூன்று முறை சொன்னீர்கள். எஸ்.டி.டி. பூத்தில் ஓடுகிற அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே உங்களிடம் "பார்க்கலாம்" வாங்கிக்கொண்டிருக்க எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தபால்.

நீங்கள் தூத்துக்குடியில் இருப்பதால் ராணியின் இந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியாது. ஆவடியில் பஸ் ஏறி, குமணன்சாவடியில் இறங்கி, அங்கே வேறு பஸ் மாறி, வேலப்பன்சாவடியில் கல்லூரி வாசலில் இறங்க வேண்டும். இரும்புக் காலிப்பர் போட்ட அந்தப் போலியோ காலை அவள் படியில் தூக்கி வைப்பதற்குள் விசில் கொடுத்துவிடுகிறார்கள். செப்டம்பரில் ஒரு முறை விழுந்தாள். பிப்ரவரியில் மறுபடி விழுந்து முழங்கையில் ஆறு தையல். "ஜூன் 15 காலேஜ் திறக்குது. பஸ்ஸுலதான் போகணும்னா நான் போகலம்மா, வீட்லயே இருந்துக்கிறேன்" என்று நேற்று சொன்னாள். அழவில்லை. முடிவு செய்துவிட்டுச் சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. ஃபேக்டரியில் ஒன்பது மணி ஷிப்டுக்கு மாற்றித் தரவும் சம்மதித்துவிட்டார்கள். வண்டி ஒன்றுதான் பாக்கி. அதுவும் பார்த்துவிட்டேன். அம்பத்தூர் வசந்தகுமாரி டீச்சருடைய அம்பாசடர், 79-ஆம் வருஷ மாடல், வெள்ளை நிறம், நம்பர் 2417 என்று முடிகிறது. கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போகிறார், அதனால் விற்கிறார். குமணன்சாவடி புரோக்கர் வேம்புலி கொண்டுவந்து காட்டினார். நாற்பத்திரண்டாயிரம். என் பி.எஃப். பணத்திலேயே முடிந்துவிடும். புது வண்டி என்றால் இதைப்போல் மூன்று மடங்கு, கைக்கு வர ஆறு மாதம் ஆகுமாம்.

இருபது வருஷமாக வாரியத்தில் வண்டிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் வெளியாளிடம் யோசனை கேட்பதா? ஒரு நாள் லீவு போட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

சாராள்


தூத்துக்குடி
16-4-1992

அன்புள்ள சாராளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தையல் போட்ட விஷயத்தை இரண்டு மாதம் கழித்து, கார் கேட்கிற கடிதத்தில் எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் முதலில் வலித்தது.

கார் வாங்கலாம். ஆனால் புதிது வாங்குவோம். பழைய வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? பெயின்ட் அடித்து மினுக்கி வைத்திருப்பார்கள். அடியில் துரு தின்றிருக்கும். மீட்டரைத் திருப்பி வைத்திருப்பார்கள். யாரோ உட்கார்ந்து, துப்பி, வாந்தி எடுத்து, வேண்டாம் என்று கழித்துப்போட்ட சீட்டில் என் மகள் உட்கார்ந்து போக வேண்டுமா? அவளுக்கு நாம் செய்கிற ஒரே பெரிய காரியம் இது. அதிலுமா அடுத்தவர் எச்சில்?

திருமுல்லைவாயல் மனையை விற்றுவிடலாம். அந்தப் பணத்தில் புது வண்டிக்கு எழுதி வைப்போம். ஆறு மாதம்தானே, ஆட்டோ ஏற்பாடு செய்துகொள்.

லீவு இப்போது கிடைக்காது. நீ சொல்லும் அந்த 2417, டீச்சருக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்று விசாரித்தாயா?

இப்படிக்கு,
பிரகாசம்


ஆவடி
20-4-1992

ராணி அப்பாவுக்கு,

ஈஸ்டர் முடிந்தது. நீங்கள் வரவில்லை. நீங்கள் சுகமா என்று கேட்க இன்று எனக்கு மனமில்லை.

அடுத்தவர் எச்சிலா? நன்றாக இருக்கிறது! ராணிக்கு மூன்று வயதில் வேலூரில் முதன்முதலாக மாட்டிவிட்ட காலிப்பர் யாருடையது, மறந்துவிட்டதா? யாரோ ஒரு பிள்ளை போட்டு, வளர்ந்து, கழற்றிக் கொடுத்தது. தோல் வாரில் அந்தப் பிள்ளையின் பெயர்கூடப் பேனாவால் எழுதியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் மகள் முதல் முறையாக எழுந்து நின்றாள். வராந்தாவில் நின்று நீங்கள் வாய்விட்டு அழுதீர்கள். அன்றைக்கு எச்சில் தெரியவில்லையே!

ஆட்டோவில் போகலாம் என்று தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிட்டீர்கள். ஆவடியிலிருந்து வேலப்பன்சாவடிக்குத் தினமும் போக வர என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். மனை என் அப்பா எனக்குக் கொடுத்தது. நான் விற்கிறேன் என்று உங்களிடம் சொன்னேனா?

நீங்கள் கேட்டதற்காக வேம்புலியிடம் விசாரித்தேன். "இன்னாம்மா, பொண்ணு பாக்கற மாரி கேட்டுக்கினு கீற? டீச்சரம்மா மூணு வருசமா வச்சிகினு கீது. அதுக்கு முன்னாடி இன்னொர்த்தர். வண்டி சொம்மா கல்லு மாரி கீது. ஊட்டாண்ட எட்த்துகினு போயி நாலு நாளு ஓட்டிப் பாரு, புடிக்கலன்னா உட்ரு" என்றார். இதைவிட ஒரு புரோக்கர் என்ன சொல்ல முடியும்?

ஓட்டியும் பார்த்தேன். பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிவரை போய் வந்தோம். ராணி முன் சீட்டில் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள். கதவு அகலம் அவளுக்குத் தோதாக இருக்கிறது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சாராள்


தூத்துக்குடி
25-4-1992

அன்புள்ள சாராளுக்கு,

கோபத்தில் எழுதியதற்கெல்லாம் நான் பதில் எழுதப்போவதில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். அந்த 2417 வேண்டாம். வேறு எந்த வண்டியானாலும் பார்த்துக்கொள். பழையதே வாங்குவதானாலும் வேறு வாங்கு. அந்த வண்டிக்குக் கண்டம் இருக்கிறது. எனக்குத் தெரியும். இதற்கு மேல் கேட்காதே.

மனை உன்னுடையதுதான். நான் மறுக்கவில்லை.

இப்படிக்கு,
பிரகாசம்


ஆவடி
29-4-1992

ராணி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு ராணியைக் கூப்பிட்டு, எனக்குத்தான் கண் சரியில்லையோ என்று படிக்கச் சொன்னேன். அவளும் "கண்டம்"னுதான் போட்டிருக்கு என்றாள்.

எத்தனை நாளாக இந்தப் பழக்கம்? தூத்துக்குடியில் எந்த ஜோசியன் வீட்டில் போய் உட்கார்ந்தீர்கள்? தண்ணீரில் கண்டம், நெருப்பில் கண்டம் என்பார்கள், இப்போது அம்பாசடரில் கண்டமா? உபதேசியார் மருமகன் நீங்கள். சபைக் கமிட்டியில் ஆறு வருஷம் இருந்தவர். ராணிக்குக் கால் போனபோது, ஜாதகம் பார்த்தீர்களா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர். இன்றைக்கு நம்பரைப் பார்த்து, கூட்டினால் பதினாலு வருகிறது, ஆகாது என்று எவனோ சொன்னதைக் கேட்டு எனக்கு உத்தரவு போடுகிறீர்கள். வெட்கமாக இருக்கிறது. பாஸ்டர் கேட்டால் எந்த முகத்தோடு சொல்வேன்?

நானும் இன்ஸ்பெக்டர்தான் என்பதை மறந்துவிட்டீர்களோ? ஒரு நாளைக்கு இருநூறு யூனிபார்ம் சட்டை என் மேஜைக்கு வருகிறது. காலர், பட்டன், தையல் எல்லாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே 38 என்று என் முத்திரையைக் குத்துகிறேன். பட்டன் சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுதுவேன். சட்டைக்குக் கண்டம் என்று எழுதினால் சூப்பர்வைசர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

வண்டியில் குறை இருந்தால் எந்த இடத்தில் குறை என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பேசாமல் இருங்கள். மே 8 அன்று டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன்.

சாராள்


தூத்துக்குடி
4-5-1992

சாராளுக்கு,

நான் ஜோசியம் பார்ப்பதாக நீ நினைத்தால் நினைத்துக்கொள். வேண்டாம் என்றால் வேண்டாம். உனக்கு நான் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை. டோக்கன் கொடுக்காதே.

பிரகாசம்


ஆவடி
9-5-1992, சனி

பிரகாசம் அவர்களுக்கு,

டோக்கன் கொடுக்கத்தான் நேற்றுப் போனேன். உங்கள் கடிதம் என்னை ஒரு நிமிஷம் தயங்க வைத்ததால், வண்டியின் பேப்பர்கள் முழுவதையும் காட்டச் சொன்னேன். வேம்புலிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அய்யே! இது கெவுர்மென்ட்டு ஏலத்துல எட்த்த வண்டிம்மா. ஒரு கோணல் கெடையாது. தோ பாரு, ஆர்.சி. புக்கு. தோ, ஏலம் எட்த்த ரசீது. தோ, கண்டம் பண்ண சர்ட்டிபிகேட்டு. ஆபீசர் கையெழுத்து எப்டி போட்டுகிறாரு பாரு, சொம்மா கோலம் போட்ட மாரி!"

கண்டம் பண்ணின சர்ட்டிபிகேட்!

அந்தப் பேப்பரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். உங்கள் கடிதத்தில் இருந்தது ஜோசியக் கண்டம் அல்ல, இனி உதவாது என்று வண்டியைக் கழித்துப்போடுகிற ஆபீஸ் கண்டம் என்று அப்போதுதான் புரிந்தது. ஓட்டை லாரிக்கும் ஓடாத பஸ்ஸுக்கும் நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லி ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். பூந்தமல்லிவரை நானே ஓட்டிப் போய்வந்த வண்டிக்கு அதைப் பொருத்திப் பார்க்க எனக்கு எப்படித் தோன்றும்?

அந்தக் கையெழுத்தை எனக்குக் காட்டிக்கொடுக்க வேம்புலி வேண்டாம். பி-யின் மேல்சுழி வளைந்து கடைசிவரை போகும், அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அதை நான் முதலில் பார்த்தது நம் கல்யாண ரிஜிஸ்டரில். இவ்வளவு அக்கறையாகக் கையெழுத்துப் போடுகிறவர் எல்லாவற்றையும் அக்கறையாகத்தான் செய்வார் என்று இருபது வயதில் நினைத்தேன்.

19-12-1987. "இன்ஜின் பிளாக்கில் வெடிப்பு. பழுதுபார்க்கத் தகுதியற்றது. நேரில் ஆய்வு செய்யப்பட்டது." இதற்குக் கீழே நீங்கள்.

அங்கிருந்து வண்டியை நேராக மண்ணூர்பேட்டைக்கு விட்டேன். எங்கள் ஃபேக்டரி வேன்களைப் பார்க்கிற மெக்கானிக் சம்பத்திடம், இன்ஜின் பிளாக்கில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள் என்றேன். துடைத்து, தண்ணீர் விட்டு, ஓட விட்டு, இரண்டு மணி நேரம் பார்த்தார். சர்ட்டிபிகேட்டில் உள்ள இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றுதான். "இந்த பிளாக்குல வெல்டிங்கும் இல்ல, வெடிப்பும் இல்லக்கா. எவன் சொன்னான் வெடிப்புன்னு? அவன் கண்ணுலதான் வெடிப்பு" என்றார். அவருடைய கூலியை எண்ணிக் கொடுத்தேன். சொன்னவன் என் வீட்டுக்காரர் என்று எப்படிச் சொல்வேன்?

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பொய் சொல்வது வண்டியா, பேப்பரா? வண்டி என்றால், இதில் என் மகளை ஏற்ற முடியாது. பேப்பர் என்றால், இருபது வருஷமாக நான் யாரோடு வாழ்கிறேன்?

டோக்கன் கொடுக்கவில்லை. பதில் வரும்வரை கொடுக்கப்போவதும் இல்லை. வசந்தகுமாரி டீச்சர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. இனிமேல் எனக்கு எழுதும் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கூல் பிள்ளை மாதிரிப் பெயரை மட்டும் எழுதுங்கள். அந்தக் கோட்டையும் புள்ளியையும் பார்த்தால் எனக்கு எரிகிறது.

சாராள்


தூத்துக்குடி
15-5-1992

சாராள்,

பேப்பர்தான் பொய்.

இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

நீ ஜோசியம் என்று நினைத்துத் திட்டியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டால் செய்த தப்பு தப்பித்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

அம்பத்தூர் ஒர்க்‌ஷாப்பில் அப்போது பரந்தாமன் எனக்கு மேலதிகாரியாக, இன்ஜினியராக இருந்தார். உனக்குத் தெரியும், ராணியின் ஞானஸ்நானத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமை பதினொரு வண்டிகளின் பட்டியலை என் மேஜையில் வைத்தார். பத்து வண்டிகள் யார்டில் எலும்புக்கூடாகக் கிடந்தவை. அவற்றுக்குக் கையெழுத்துப் போட எந்தக் கஷ்டமும் இல்லை. பதினொன்றாவது 2417. அது அவரே ஏறிப் போய்வந்துகொண்டிருந்த வண்டி. அன்று காலையும் போர்ட்டிகோவில் நின்றது. என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. அவருடைய மைத்துனர் அதைக் கழிவு விலைக்கு ஏலத்தில் எடுக்கப் போகிறார் என்பது டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும்.

நான் எழுந்து போகவில்லை. பானட்டைத் திறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே "வெடிப்பு" என்று எழுதி, "நேரில் ஆய்வு செய்யப்பட்டது" என்றும் எழுதினேன். நீ நினைக்கலாம், எவ்வளவு வாங்கினேன் என்று. ஒரு பைசா வாங்கவில்லை. ராணிக்குப் புது காலிப்பர் அளவெடுக்க மறுநாள் வேலூருக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு வாரம் லீவு கேட்டிருந்தேன். "இத முடிச்சுட்டுக் கிளம்புங்க பிரகாசம்" என்றார். முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு, எந்த வண்டிக்கும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. போடச் சொன்ன இரண்டு முறையும் மறுத்தேன். தூத்துக்குடி மாற்றல் அப்படித்தான் வந்தது. உன்னிடம் நிர்வாகக் காரணம் என்று சொன்னேன்.

உன் முதல் கடிதத்தில் அந்த நம்பரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். வண்டி கெட்ட வண்டி என்பதால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நம் வாசலில் வந்து நின்றால் தினமும் நான் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

அன்றைக்கு அது நல்ல வண்டி. இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

பிரகாசம்


ஆவடி
20-5-1992

ராணி அப்பாவுக்கு,

படித்தேன். உங்களுக்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிகிறது. வருத்தத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வருகிறது.

முதலில், ராணியின் காலிப்பரை இதற்குள் இழுக்காதீர்கள். அவள் உங்களை அந்தக் கையெழுத்தைப் போடச் சொல்லவில்லை. லீவு இல்லை என்று சொல்லியிருந்தால் நான் தனியாக அவளை அழைத்துப் போயிருப்பேன். அதற்கு முன்னாலும் போயிருக்கிறேன்.

அடுத்தது, உங்கள் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள என் அப்பா கொடுத்த மனையை விற்கச் சொன்னீர்கள். ஆறு மாதம் அவளை வீட்டில் உட்கார வைக்கவும் தயாராக இருந்தீர்கள். துரு, எச்சில், சீட் என்று என்னென்ன சாக்கு! எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய கோபம் இதில்தான். வாரியத்தை ஏமாற்றியது ஒரு நாள். என்னை ஏமாற்றியது நாலரை வருஷம்.

பரந்தாமன் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் இப்போது இன்னும் பெரிய நாற்காலியில் இருக்கிறாராமே? நன்றாக இருக்கட்டும். அவர் கை ஒரு பேப்பரிலும் இல்லை. உங்கள் கை மட்டும் கோலம் போட்டுக்கொண்டு நிற்கிறது. இது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்து அனுப்பிய சட்டைகளில் நாற்பது திரும்பி வந்தன, தோள் தையல் விட்டுவிட்டது என்று. உள்ளே 38. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், சரியாகப் பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்றாலும் சூப்பர்வைசரிடம் போய், என் தப்பு என்று சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து நாற்பதையும் நானே பிரித்துத் தைத்தேன். ஒரு வாரம் ஆனது. எல்லாரும் பார்த்தார்கள். நான் ஒன்றும் செத்துப்போகவில்லை.

ராணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்குப் பத்தொன்பது வயது, மறைக்க ஒன்றுமில்லை. காலிப்பர் வாரை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு, "வண்டி மேல என்னம்மா தப்பு? அது பாவம், நல்லா ஓடிக்கிட்டிருந்தது" என்றாள். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். சம்பத் பார்த்தது இன்ஜினை மட்டும்தான். மற்றதெல்லாம் நீங்கள் பார்க்க வேண்டும். ஜூன் 7 ஞாயிற்றுக்கிழமை வண்டியை இங்கே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். டீச்சரும் அதுவரை பொறுக்கச் சம்மதித்துவிட்டார். வாருங்கள். நல்ல சட்டை வேண்டாம். அடியில் படுங்கள். 87-இல் பார்க்க வேண்டியதை 92-இல் பாருங்கள். பார்த்ததைப் பேப்பரில் எழுதுங்கள். வாங்கலாம் என்று எழுதினால் வாங்குகிறேன், வேண்டாம் என்று எழுதினால் விட்டுவிடுகிறேன். வேறு ஒன்றும் உங்களிடம் நான் கேட்கவில்லை.

அன்றைக்குப் பெந்தெகொஸ்தே ஞாயிறு. பாஸ்டரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

சாராள்


ஆவடி
8-6-1992, திங்கள்

சாராள்,

நீ வேலைக்குப் போன பிறகு இதை வண்டியின் டேஷ்போர்டில் வைத்துவிட்டு, சாயங்கால ரயிலுக்குக் கிளம்புகிறேன். இரண்டு நாளும் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மட்டும் சூடாக வைத்தாய். நேற்று வண்டிக்கு அடியில் கிடந்தபோது ராணி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். "இந்தப் பக்கமும் பாத்துட்டீங்களாப்பா?" என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டாவது முறை மறுபடி போய்ப் பார்த்தேன்.

நீ கேட்ட பேப்பர் கீழே.

ஆய்வு அறிக்கை. அம்பாசடர் கார், எண் 2417. நாள் 7-6-1992. இடம் ஆவடி குவார்ட்டர்ஸ். காலை 6.10 முதல் பிற்பகல் 1.40 வரை நேரில், வண்டிக்கு அடியில் படுத்தும், சக்கரங்களைக் கழற்றியும் பார்க்கப்பட்டது.

இன்ஜின் பிளாக்கில் வெடிப்பு இல்லை. எப்போதும் இருந்ததற்கான அடையாளமும் இல்லை. பின்பக்கம் ஆயில் லேசாகக் கசிகிறது. ஆபத்தில்லை. வலது பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிவு இருந்தது. புது சாமான் வாங்கி வைத்திருக்கிறேன், சம்பத் இன்று மாட்டுகிறார். முன்பக்கம் இடது சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கக் கூடாது. பின் சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அளவு துரு. தகடு வைத்து அடைக்க வேண்டும். முன் கதவின் உள்பக்கம் ராணி பிடித்து எழுவதற்கு ஒரு கைப்பிடி நானே பொருத்தியிருக்கிறேன். என் எடையைப் போட்டுத் தொங்கிப் பார்த்தேன், தாங்குகிறது. பிரேக்கும் இடது சக்கரமும் சரிசெய்யப்பட்ட பின் இந்த வண்டி ஓடத் தகுதியானது.

19-12-1987 அன்று இதே வண்டியைப் பார்க்காமல், பழுதுபார்க்கத் தகுதியற்றது என்று நான் அளித்த சான்று பொய்யானது. அதை எழுதச் சொன்னவர் அப்போதைய இன்ஜினியர் பரந்தாமன். எழுதியவன் நான். தகுதியற்றிருந்தது வண்டி அல்ல, அதைப் பார்க்காமல் எழுதிய ஆய்வாளர்.

(கையெழுத்து)
பிரகாசம்

பின்குறிப்பு: எழுத்து நீலமாக, மங்கலாக இருக்கிறதே என்று நினைக்காதே. உன் கையில் இருக்கும் அறிக்கை கார்பன் காப்பி. அசலை இன்று காலை தபாலாபீஸ் திறந்ததும் வாரியத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது பின் செய்திருக்கிறேன்.


ஆவடி
15-6-1992

அன்புள்ள ராணி அப்பாவுக்கு,

பிரேக்கையும் இடது சக்கரத்தையும் சம்பத் சரிசெய்து கொடுத்தபின் வண்டியை வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை பேர் மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று. "சாரு எழ்தன பேப்பர்ல எம்மாம் கொற கீது, நீ இன்னாடான்னா வாங்கிக்கினு போற!" என்று வேம்புலிக்கு ஒரே ஆச்சரியம். குறையை எழுதியிருப்பதால்தான் வாங்குகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இன்று கல்லூரி திறந்தது. எட்டு மணிக்குக் கிளம்பினோம். குமணன்சாவடி ஜங்ஷனில் சிக்னலுக்கு நின்றோம். பிப்ரவரியில் அவள் விழுந்த அதே பஸ் ஸ்டாப் பக்கத்தில். கூட்டம் அப்படியே இருந்தது. ராணி திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு "அம்மா, ஒரு தடவ ஹாரன் அடி" என்றாள். காரணம் கேட்கவில்லை, அடித்தேன். வேலப்பன்சாவடியில் உங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யார் கையும் இல்லாமல் இறங்கி உள்ளே போனாள்.

இடது பின் கதவு கடகடவென்று சத்தம் போடுகிறது. உங்கள் அறிக்கையில் அது இல்லை. அடுத்த முறை வரும்போது அதையும் பாருங்கள்.

அசலை அனுப்பும் முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது. கேட்டிருந்தால் அனுப்பாதீர்கள் என்று சொல்லியிருப்பேனோ என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய முடியாது. ஒருவேளை அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. மெமோ வரும். சஸ்பெண்ட் செய்தாலும் செய்வார்கள். பரந்தாமன் சும்மா இருக்க மாட்டார். வரட்டும். என் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடலாம். நாற்பது சட்டையைப் பிரித்துத் தைத்தவளுக்கு ஒரு மெமோ பெரிதில்லை.

உங்கள் காப்பியை வண்டியின் பேப்பர்களோடு, அந்தப் பழைய சர்ட்டிபிகேட்டுக்கு மேலே வைத்திருக்கிறேன். உங்கள் பெயருக்குக் கீழே, உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, பேனாவால் 38 என்று என் நம்பரையும் போட்டிருக்கிறேன்.

இனிமேல் கடிதத்தில் கையெழுத்துப் போடலாம்.

சாராள்